கல்குவாரி கருத்துக் கேட்பு: கைதட்டல் குறிப்பில் ஏறாது

இந்த இதழில் பட்டா மாறுதலுக்கும் பாகப்பிரிவினைக்கும் விடுமுறை. கரூர் மாவட்டத்தில் அமராவதி ஆற்றோரம் இருக்கும் ஓர் ஊரிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் கல்குவாரி பற்றி ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. ஆதரித்தும் எதிர்த்தும் எழுதியிருக்கிறார்கள். ஊர்ப் பெயரையும் ஆட்கள் பெயரையும் நானே நீக்கிவிட்டேன். அங்கே ஏற்கெனவே பங்காளிகளுக்குள் பேச்சு நின்றுபோயிருக்கிறது, நான் வேறு எண்ணெய் ஊற்ற வேண்டாம். நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவன் நான். அளவு விஷயத்தில் கொஞ்சம் கறாராகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டத்துக்கு மேற்கே ஆற்றங்கரையை ஒட்டி 4.20 ஹெக்டேரில் குவாரி வரப்போகிறது. 42 மீட்டர் ஆழம் தோண்டுவார்களாம். எங்கள் கிணறு 60 அடி. கொழுந்தனார் டிப்பர் வாங்கக் கடன் பேசி வைத்திருப்பதால் வீட்டுக்குள்ளேயே சண்டை. அடுத்த மாதம் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். எட்டாவது வரை படித்த நான் அங்கே போய் என்ன பேச முடியும்?
(ஒரு விவசாயி, பெண்)

பதில்: கிணற்றைப் பற்றிப் பேசுங்கள் அம்மா. அது போதும்.

இந்தக் கூட்டங்களில் ஒருவர் எழுந்து "இயற்கையை அழிக்காதே" என்பார். இன்னொருவர் "பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா" என்பார். இரண்டுக்கும் நல்ல கைதட்டல் விழும். கடைசியில் குறிப்பு எழுதும்போது "சிலர் ஆதரவும் சிலர் எதிர்ப்பும் தெரிவித்தனர்" என்று ஒரே வரியில் இருவரையும் முடித்துவிடுவார்கள். நீங்கள் எழுந்து, "என் புல எண் இது, குவாரி எல்லையிலிருந்து என் கிணறு இத்தனை மீட்டர், கிணறு 60 அடி, சித்திரையில் தண்ணீர் இத்தனாவது அடியில் நிற்கும், உங்கள் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் இந்தக் கிணறே இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். அதை ஒரு வரியில் அடக்க முடியாது. மக்கள் எழுப்பிய பிரச்சினைகளையும் அவற்றுக்கு விண்ணப்பதாரர், அதாவது குவாரி கேட்பவர், சொல்லும் விளக்கத்தையும் சேர்த்து எழுத வேண்டும் என்று 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்கிறது. கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். முடிவில் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கும் வரை இருங்கள். பலரும் டீ, பிஸ்கட் வந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். உங்கள் கிணறு விடுபட்டிருந்தால் அந்த இடத்திலேயே எழுந்து சொல்லலாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். 42 மீட்டர் என்றால் ஏறக்குறைய 138 அடி, உங்கள் கிணற்றைப் போல இரண்டு மடங்குக்கு மேல். கரூர்ப் பக்கம் கெட்டிப் பாறை பூமி. மேலே கொஞ்சம் மண், அதற்கடியில் சிதைந்த பாறை, அதற்கும் கீழே பாறை வெடிப்புகளில் மட்டும்தான் தண்ணீர். உங்கள் கிணற்றில் ஊற்றுக்கண் என்று எதைச் சொல்கிறீர்களோ அது இந்த வெடிப்புதான். குவாரிக் குழி அந்த வெடிப்பைக் குறுக்கே வெட்டினால் தண்ணீர் பள்ளமான பக்கம் போகும். குழியில் தண்ணீர் நின்றால் வெடி வைக்க முடியாது, அதனால் மோட்டார் போட்டு இறைப்பார்கள். உங்கள் கிணறு வற்றியே தீரும் என்று நான் சொல்ல மாட்டேன். வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்காமல் யாராலும் அதைச் சொல்ல முடியாது. ஆனால் வற்றவே வற்றாது என்று அறிக்கை எழுதியவரும் அதே காரணத்தால் சொல்ல முடியாது அல்லவா? "எந்தக் கிணற்றில், எந்த மாதம், எப்படிச் சோதித்துப் பார்த்து இதை எழுதினீர்கள்?" என்று கேளுங்கள். பொதுவாக மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்தில், மூன்று மாதம் எடுத்த கணக்கைத்தான் அறிக்கையில் போடுவார்கள். அது எந்த மூன்று மாதம் என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு அளந்தால் எல்லாக் கிணறும் செழிப்பாகத்தான் தெரியும்.

வரைவு அறிக்கையை எங்கே பார்ப்பது என்று கேட்பீர்கள். ஆட்சியர் அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் வைத்திருப்பார்கள். தமிழ்ச் சுருக்கமும் உண்டு, ஆனால் சுருக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். படிக்கிற பிள்ளை யாரையாவது கூட்டிக்கொண்டு போய் ஆங்கில அறிக்கையில் நீர்வளம் பற்றிய பக்கங்களைப் போட்டோ எடுத்து வாருங்கள். நான் புரட்டிய ஓர் அறிக்கையில் பாதிக்கு மேல் வேறு மாவட்டத்து ஆற்றின் பெயர் இருந்தது. பழைய அறிக்கையில் ஊர்ப் பெயரை மாற்றியவர் ஆற்றை மறந்துவிட்டார்.

இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கிணற்றுச் சுவரில் தொடங்கி உள்ளே தெரிகிற வரை அடிக்கு ஒரு கோடு பெயின்டில் இழுங்கள். மாதம் ஒருமுறை மோட்டார் போடுவதற்கு முன், காலையில், தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று போனில் படம் எடுத்து வையுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் செய்தால் இன்னும் நல்லது. நாளைக்குக் குவாரி வந்தாலும் வராவிட்டாலும் இந்தப் படங்கள் உங்களுக்கு ஆதாரம். குவாரி வந்த பிறகு அளக்க ஆரம்பித்தால், "முன்னால் எவ்வளவு இருந்தது?" என்ற ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவார்கள்.

கொழுந்தனார் விவகாரம் என் அளவுகோலுக்குள் வராது. ஆனால் அந்தக் குவாரிக்காரருக்குச் சொந்த லாரி எத்தனை இருக்கிறது, வெளி வண்டிக்கு லோடு தருவாரா என்று விசாரித்துவிட்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அவர் நல்லதுக்குத்தான்.

கேள்வி: ஆற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருந்தால் போதும் என்கிறார்கள். அந்த 50 மீட்டரை எங்கிருந்து அளப்பது? தண்ணீர் ஓடும் இடத்திலிருந்தா?
(டிப்ளமோ படிக்கும் இளைஞர்)

பதில்: தம்பி, மொத்தக் கட்டில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்.

ஆறு, ஓடை, கால்வாய், ஏரி போன்றவற்றுக்கு 50 மீட்டர், பக்கத்துப் பட்டா நிலத்துக்கு 7.5 மீட்டர், புறம்போக்குக்கு 10 மீட்டர் பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும் என்று குத்தகை உத்தரவுகளில் வழக்கமாகப் போடுவார்கள். குடியிருப்புக்கு 300 மீட்டர் என்பது 1959-ம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளில் 36-வது விதியில் இருக்கிறது. இந்த எண்களெல்லாம் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். எங்கிருந்து அளப்பது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அமராவதி மாதிரி ஆற்றில் இதுதான் பெரிய விஷயம். அணையில் திறந்தால்தான் தண்ணீர். வருஷத்தில் பாதி நாள் ஒரு ஓரமாக ஓடை மாதிரி ஓடும், மீதி மணலும் சீமைக் கருவேலமும். ஓடுகிற தண்ணீரின் விளிம்பிலிருந்து நாடாவைப் பிடித்தால் 50 மீட்டர் ஆற்றுக்குள்ளேயே முடிந்துவிடும். அளக்க வேண்டியது கரையின் வெளிப்பக்க அடியிலிருந்து, கிடைமட்டமாக. சரிவைப் பிடித்து நாடாவை இழுத்தால் அளவு கூடுதலாக வரும். பத்து மீட்டருக்குக் கால் மீட்டர் ஏமாற்றினாலும் ஐம்பது மீட்டருக்கு ஒன்றேகால் மீட்டர் போய்விடும்.

உங்கள் ஊரில் கரை தெளிவாக இல்லை, வெள்ளம் அரித்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் புலப்படத்துக்கு, அதாவது ஒவ்வொரு புல எண்ணின் எல்லையையும் அளவோடு காட்டும் படத்துக்குப் போங்கள். அரசின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் வந்துவிடும். கிராமக் கணக்கில் அ-பதிவேட்டில் ஆற்றுக்குத் தனிப் புல எண் இருக்கும், வகைப்பாட்டில் 'ஆறு' என்று போட்டிருக்கும். அந்தப் புறம்போக்கின் எல்லைக்கோடு எங்கே, விண்ணப்பதாரர் வரைபடத்தில் ஆற்றை எங்கே காட்டியிருக்கிறார் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால், "ஆற்றுப் புறம்போக்கு எல்லையை வட்ட அளவர் வந்து அளந்து கல் நட்ட பிறகு இடைவெளியைக் குறிக்க வேண்டும்" என்று எழுத்தில் கேளுங்கள். எந்த அதிகாரியும் "அளக்க மாட்டேன்" என்று ஃபைலில் எழுத மாட்டார்.

இன்னொன்று. ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஓடையை விட்டுவிடுவார்கள். உங்கள் ஊரில் மேட்டுப் பக்கத்திலிருந்து ஆற்றில் சேரும் பள்ளம் ஏதாவது குவாரி நிலத்தைத் தாண்டிப் போகிறதா? மழை பெய்தால் மட்டும் தண்ணீர் வருகிற பள்ளம்கூடப் படத்தில் இருந்தால் கணக்கு. கல் தூசும் மண்ணும் ஆற்றுக்குள் போவது அந்த வழியில்தான்.

கேள்வி: நான் டிப்பர் ஓட்டுகிறேன். குவாரி வேண்டாம் என்று கொடி பிடிக்கிறவர்கள் எல்லாம் எந்த ஜல்லியில் வீடு கட்டினார்கள்? 2025 ஏப்ரலில் குவாரி ஸ்டிரைக் நடந்தபோது கட்டட வேலை எல்லாம் நின்றதே, அப்போது மட்டும் ஜல்லி வேண்டுமா?

பதில்: நியாயமான கோபம். என் வீடும் ஜல்லியில் கட்டியதுதான். ஆற்று மணலை அள்ளி ஆறுகளைக் கெடுத்தோம். 2017-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை மணல் குவாரிகளையெல்லாம் மூடச் சொல்லும் அளவுக்குப் போனது, பிறகு அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மணலுக்குப் பதில் எம்-சாண்ட் வந்தது, 2023-ல் அரசு அதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. எம்-சாண்ட் என்றால் பாறையை உடைக்க வேண்டும். ஆக, ஆற்றைக் காப்பாற்றும் பெயரில் பாறைக்கு வந்தோம், இப்போது பாறையும் ஆற்றங்கரையிலேயே வேண்டும் என்கிறார்கள். எனக்கு இடிப்பது அந்த இடம் மட்டும்தான். க.பரமத்திப் பக்கம் ஏற்கெனவே எத்தனை குவாரி ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும், லோடு ஏற்றியவர் நீங்கள். ஆற்றோரத்தில் ஒன்று குறைந்தால் ஊரில் வீடு நின்றுவிடாது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கூட்டத்தில் நீங்களும் பேசுங்கள், ஆனால் "வேலை வேண்டும்" என்பதோடு நிற்காதீர்கள். அறிக்கையில் எத்தனை பேருக்கு வேலை என்று ஒரு அட்டவணை இருக்கும். அதில் உள்ளூர்க்காரருக்கு எத்தனை என்று கேளுங்கள். நடைச்சீட்டில் (லோடு கொண்டுபோகத் தரும் அனுமதிச் சீட்டு) இருப்பதைவிட அதிக லோடு ஏற்றச் சொன்னால் ஆர்.டி.ஓ. பிடிக்கும்போது அபராதம் யார் கட்டுவது என்று கேளுங்கள். படிக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக வெட்டுவார்களா, செங்குத்தாக வெட்டுவார்களா என்றும் கேளுங்கள். 2022 மே மாதம் நெல்லை அருகே அடைமிதிப்பான்குளத்தில் 300 அடிக் குழிக்குள் இரவில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள், அதில் நான்கு பேர் இறந்தார்கள். லாரியும் பொக்லைனும் ஓட்டப் போனவர்கள் அதில் இருந்தார்கள். குவாரி வேண்டும் என்கிறவருக்குத்தான் இந்தக் கேள்விகள் முதலில் வர வேண்டும்.

கேள்வி: ஆறே வறண்டு கிடக்கிறது. வறண்ட ஆற்றுக்கு என்ன கெடுதல் வந்துவிடும் என்று எங்கள் மாமா கேட்கிறார்.

பதில்: மாமா வீட்டுக் குழாயில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஆற்று மணலுக்குள் இறக்கிய உறைகிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏறித்தான் வரும், அந்தப் பக்கத்தில் பல ஊர்களுக்கு அப்படித்தான். மேலே வறண்டாலும் மணலுக்கடியில் ஊற்று நகர்ந்துகொண்டிருக்கும். அந்த உறைகிணறு அறிக்கையின் வரைபடத்தில் குறித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் போன வருடம் ஒரு குவாரிக்குக் கூட்டமே போடாமல் அனுமதி கொடுத்தார்கள். பக்கத்து ஊருக்கு மட்டும் கூட்டம் போடுகிறார்கள். இது என்ன நியாயம்?

பதில்: ஐந்து ஹெக்டேர்தான் காரணம். 2012-ல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று ஆனது. ஆனால் சிறிய குவாரிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை. அதனால்தான் பல விண்ணப்பங்கள் 4.90, 4.75 என்று ஐந்தைத் தொடாமல் நிற்கும். இதில் ஒரு கிடுக்கி உண்டு. ஒரு குவாரியின் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் இன்னொரு குவாரி இருந்தால் இரண்டையும் ஒரே தொகுப்பாகக் கூட்ட வேண்டும். மொத்தம் ஐந்தைத் தாண்டினால் கூட்டம் போட வேண்டும். முதல் கடிதம் எழுதிய அம்மா ஊரில் 4.20 ஹெக்டேருக்கே கூட்டம் வந்தது அதனால்தான் இருக்கும். உங்கள் ஊர் அனுமதியில் 500 மீட்டருக்குள் என்னென்ன குவாரி இருப்பதாக கனிமவளத் துறை உதவி இயக்குநர் அலுவலகம் கடிதம் கொடுத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். புலப்படத்தை வைத்து நீங்களே அளந்து பாருங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் அனுமதியை எதிர்க்க 30 நாள்தான், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். போன வருடத்து அனுமதிக்கு அந்த வழி அடைபட்டிருக்கும். உத்தரவின் நிபந்தனைகளை மீறுகிறார்களா என்று பார்த்துப் புகார் கொடுக்கலாம்.

கேள்வி: கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டால் குவாரி ரத்தாகுமா? கூட்டத்தில் எல்லோரும் எதிர்த்துக் கை தூக்கினால்?

பதில்: இரண்டுக்கும், தானாக ரத்தாகாது. கருத்துக் கேட்பில் வாக்கெடுப்பே கிடையாது, குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. ஆட்களை வேனில் ஏற்றி வருவது இரண்டு தரப்புக்கும் வீண் செலவு. தீர்மானம் போடுங்கள், ஆனால் காரணத்தோடு போடுங்கள். "இந்தப் புல எண்ணில் உறைகிணறு இருக்கிறது, இந்தச் சாலையின் அகலம் இவ்வளவு, பள்ளி இத்தனை மீட்டரில்" என்று எழுதிய தீர்மானத்தை நாளைக்குத் தீர்ப்பாயத்தில் காட்டலாம்.

கேள்வி: வெடி வைத்தால் வீட்டில் விரிசல் விடுமா? பழைய ஓட்டு வீடு.

பதில்: விடலாம். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997-ம் ஆண்டுச் சுற்றறிக்கை சாதாரண வீடுகளுக்கு அதிர்வின் அளவு வினாடிக்கு 5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது, அதிர்வெண் குறைவாக இருக்கும்போது. அதை அளக்கக் கருவி உண்டு. வெடி வைக்கும் நாளில் உங்கள் வீட்டுத் திண்ணையில் அந்தக் கருவியை வைக்கச் சொல்லி நிபந்தனையாகக் கேளுங்கள். அப்புறம், இப்போதே சுவர் நான்கு பக்கமும், ஏற்கெனவே இருக்கிற விரிசல் உட்பட, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: பேசப் பயமாக இருக்கிறது. எங்கள் மாவட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும்.

பதில்: தெரியும். 2022 செப்டம்பரில் கரூர் மாவட்டத்தில் குவாரியை எதிர்த்துப் போராடிய விவசாயி வண்டி மோதி இறந்தார். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டத்தில் கனிமக் கொள்ளை பற்றிப் புகார் கொடுத்துவந்தவர் டிப்பர் மோதி இறந்தார். இரண்டிலும் கொலை வழக்குப் பதிவாகிக் குவாரி உரிமையாளர்கள் கைதானார்கள். இதைத் தெரிந்துகொண்டு "தைரியமாகப் பேசுங்கள்" என்று உங்களுக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை.

மேடை ஏறாமலும் சொல்லலாம். எழுத்தில் தரும் கருத்துக்கும் மதிப்பு உண்டு. கூட்டத்துக்கு முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒப்புதல் அட்டையோடு. தனியாக எழுதாமல் ஆற்றங்கரைத் தோட்டத்துக்காரர்கள் எல்லோரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுங்கள். ஒருவர் பெயர் மட்டும் முன்னால் நிற்க வேண்டாம், அகர வரிசையில் போட்டுவிடுங்கள். ஆட்சியருக்கு ஒரு நகல். யாராவது மிரட்டினால் அன்றைக்கே காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள், தர மறுத்தால் எஸ்.பி. அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்புங்கள். மனுவின் நகலைப் பக்கத்து ஊரில் நம்பகமான ஒருவர் வீட்டில் வைத்திருங்கள். வண்டியில் தனியாக ராத்திரி போக வேண்டாம்.